ஏழு நாயும் ஒரு ஐப்பசியும்: தோட்டத்துக்கு வருகிறவர்கள் கேட்கிற கேள்விகள்

ஒட்டன்சத்திரத்துக்குத் தெற்கே, மலையடிவாரத்தில் எங்களுக்கு ஐந்து ஏக்கர். மக்காச்சோளம், முருங்கை, வரப்போரம் பத்துப் பன்னிரண்டு தென்னை, நான்கு மாடு, அப்புறம் ஏழு நாய். தீபாவளிக்கு வருகிற சொந்தக்காரர்களும், "நானும் ஒரு நிலம் வாங்கி நாலு நாய் வளர்க்கலாம்னு இருக்கேன்" என்று சென்னையிலிருந்து போன் போடுகிற நண்பர்களும் வருஷா வருஷம் ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து சொல்லி வாய் வலித்துவிட்டது. அதனால் மொத்தமாக எழுதி வைத்துவிட்டேன்.

ஏழு எதற்கு? இரண்டு போதாதா?

இரண்டுதான் திட்டம். காசு கொடுத்து வாங்கியது ஒரு சிப்பிப்பாறை. மச்சான் கொடுத்தது ஒரு கன்னி (இரண்டும் நம் தென்மாவட்டத்து வேட்டை நாய் இனங்கள்); கறுப்பு உடம்பு, புருவத்திலும் காலிலும் பழுப்பு. அந்த இரண்டோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் தார்ச்சாலை ஓரம் தோட்டம் இருந்தால், நாய் வேண்டாம் என்று முடிவு செய்கிறவர்கள் எல்லோருக்கும் உங்கள் கேட்டு கண்ணில் பட்டுவிடும். மூன்று குட்டிகள் உரச்சாக்கில் வந்தன. ஒன்று வயதான லேப்ரடார், கழுத்தில் பட்டையோடு நின்றுகொண்டிருந்தது, யாரோ காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னொன்று தானாக வந்து மாட்டுக்கொட்டகையில் படுத்து, எழுந்து போகவே இல்லை. அதற்குப் பெயர் விருந்தாளி.

வருஷம் முழுக்க நாய் நாய்தானே, ஐப்பசி கார்த்திகையில் அப்படி என்ன?

சித்திரை வைகாசியில் வந்து பாருங்கள், ஏழும் புளியமரத்தடியில் செத்த பிணம் மாதிரி கிடக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல்தான் உயிர் வரும். வடகிழக்குப் பருவமழை வழக்கமாக அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். தமிழ்நாட்டுக்கு ஒரு வருஷத்தில் கிடைக்கிற மழையில் ஏறக்குறைய பாதி டிசம்பருக்குள் கொட்டிவிடும். நம்மூருக்கு இலையுதிர் காலம் என்று தனியாக ஒன்று கிடையாது, பழைய கணக்கில் ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். அந்த இரண்டு மாதத்துக்குள் பாம்பு, தவளை, ஈசல், உண்ணி, வெடிச்சத்தம், கதிர் பிடிக்கிற மக்காச்சோளத்துக்கு வருகிற பன்றி, பருவத்துக்கு வருகிற பெட்டை நாய், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும். குளிர்ச்சியான காற்று வேறு, நாய்களுக்கு ஒரே குஷி. நமக்குத்தான் தூக்கம் போய்விடும்.

மழை பெய்தால் எங்கே படுக்கும்?

நாங்கள் ஆசையாக ஒரு கொட்டகை போட்டோம், தகரக்கூரை, சிமெண்டுத் தளம். ஒன்றுகூடப் படுக்கவில்லை. தகரத்தில் மழை விழுகிற சத்தம் பிடிக்கவில்லை, சிமெண்டில் குளிர் ஏறுகிறது. முதல் மழைக்கே ஏழும் வெளி அடுப்படிக்கு வந்துவிட்டன. மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வேகவைக்கிற பெரிய மண் அடுப்பு அது. தீ அணைந்து சாம்பல் வெதுவெதுப்பாக இருக்கும்போது கன்னி மெதுவாக முன்னங்காலை உள்ளே வைத்துப் பார்க்கும், சூடு சரியா என்று ஒரு நிமிஷம் நிற்கும், அப்புறம் சுருண்டு அடுப்புக்குள்ளேயே படுத்துவிடும். காலையில் எழுந்து வரும்போது கறுப்பு நாய் சாம்பல் நாயாக வரும். ஒருமுறை கங்கு இருப்பது தெரியாமல் படுத்து முழங்கையில் ரோமம் பொசுங்கியது. இப்போது ராத்திரி அடுப்பைக் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் நான் படுக்கப் போகிறேன்.

சிப்பிப்பாறை, கன்னி இரண்டுக்கும் உடம்பில் கொழுப்பும் கிடையாது, அடர்ந்த ரோமமும் கிடையாது. வெயிலுக்கும் ஓட்டத்துக்கும் ஆன நாய்கள். கார்த்திகைக் குளிரில் நடுங்கும். தரையிலிருந்து ஓர் அடி உயரத்தில் பழைய கயிற்றுக் கட்டிலோ பலகையோ போட்டு, மேலே சாக்கு விரித்தால் போதும். வைக்கோல் வேண்டாம். ஈரம் பட்டால் இரண்டே நாளில் பூஞ்சை பிடிக்கும், அது நாயின் வயிற்றுத்தோலுக்கு வந்துவிடும். சாக்கு என்றால் வெயில் அடிக்கிற அன்றைக்கு எடுத்து உதறிக் காயப்போடலாம்.

கட்டிப் போடுவதில்லையா?

மழை நாளில் கிடையவே கிடையாது. தண்ணீர் ஏறினாலும் பாம்பு வந்தாலும் கட்டின நாய்க்குப் போக வழி இல்லை. இருட்டினால் சுற்றிக் கம்பிவலை அடித்த பகுதிக்குள் விட்டுவிடுவோம். மலையிலிருந்து சிறுத்தை இறங்குகிற பக்கம் இது, வேலிக்கு வெளியே ராத்திரி சுற்றுகிற நாய்தான் அதற்கு முதல் சாப்பாடு.

பாம்பு வந்தால் நாய் பார்த்துக்கொள்ளும் என்கிறார்களே?

சொல்வார்கள். பாம்பு இருக்கிறது என்று நாய் சொல்லும், அது உண்மை. பாம்புக்குக் குரைக்கிற குரைப்பே வேறு. ஒரே இடத்தில் நின்று, முன்னே ஓர் அடி, பின்னே ஓர் அடி, தொண்டை கிழிகிற மாதிரி. அந்தச் சத்தம் கேட்டால் டார்ச்சும் நீளக் கம்பும் எடுத்துக்கொண்டு ஓடி, முதலில் நாய்களை இழுக்க வேண்டும். ஏழு நாய் இருந்தால் இங்கேதான் சிக்கல். தனி நாய் என்றால் தள்ளி நின்று குரைக்கும். கூட்டமாக இருந்தால் பின்னால் இருப்பவை கொடுக்கிற தைரியத்தில் முன்னால் இருப்பது வாயை வைத்துவிடும்.

எங்கள் வீட்டில் எட்டாவதாக ஒன்று இருந்தது, மணி. மூன்று வருஷத்துக்கு முன்பு, ஐப்பசியில் ஒரு விடிகாலை, மோட்டார் ரூம் பக்கம் கண்ணாடி விரியன் கடித்தது. அரை மணி நேரத்தில் மூஞ்சி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது, ஈறில் ரத்தம் கசிந்தது. பக்கத்துத் தோட்டத்தில் ஒருவர் பச்சிலை தெரிந்தவர் என்றார்கள். நானும் படித்தவன்தான், ஆனாலும் அந்த நேரத்தில் போய் நின்றேன், ஒரு மணி நேரம் போயிற்று. அப்புறம் டாக்டரிடம் போனால் விஷமுறிவு மருந்து கையிருப்பு இல்லை, டவுனில் மெடிக்கலில் வாங்கி வாருங்கள் என்றார், அதில் இன்னும் ஒன்றரை மணி நேரம். மருந்து ஏறியது, வீக்கம்கூட வடிந்தது. மூன்றாவது நாள் சிறுநீரகம் நின்றுபோய் மணி செத்துப்போனது. விரியன் விஷம் ரத்தத்தையும் கெடுக்கும், சிறுநீரகத்தையும் கெடுக்கும். எவ்வளவு சீக்கிரம் மருந்து ஏறுகிறதோ அவ்வளவு நல்லது. மனிதர்களுக்குப் போடுகிற அதே மருந்துதான் நாய்க்கும். நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே மருந்து. அதனால் கடித்த பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டிய அவசியம் இல்லை. எந்த டாக்டரிடம், எந்தக் கடையில் மருந்து இருக்கும் என்று மழைக்கு முன்பே போன் போட்டுக் கேட்டு வையுங்கள். நான் இப்போது புரட்டாசி பிறந்ததும் கேட்டுவிடுகிறேன். கடிபட்ட நாயை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கட்டுப் போடுவது, கீறிவிடுவது எதுவும் வேண்டாம்.

மற்றபடி விறகு, ஓலை, தேங்காய் மட்டைக் குவியலை வீட்டிலிருந்து தள்ளிப் போடுங்கள். ராத்திரி மிச்சச் சோறு தட்டில் கிடந்தால் எலி வரும், எலிக்குப் பின்னால் யார் வருவார் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஈசல் தின்றால் ஒன்றும் ஆகாதா?

ஆகாது. முதல் மழை விட்ட சாயங்காலம் வாசல் விளக்கைப் போட்டால் ஈசல் மேகம் மாதிரி வரும். ஏழு நாயும் வாயைத் திறந்துகொண்டு அந்தரத்தில் கடிக்கும், பல் கிட்டிக்கிற சத்தம் மட்டும் டக் டக் என்று கேட்கும். லேப்ரடார் கிழவருக்குக் குதிக்க முடியாது, அதனால் சிறகு உதிர்ந்து தரையில் ஊர்கிறதை நக்கி நக்கித் தின்னும். மறுநாள் காலையில் ஏதாவது ஒன்று சிறகுச் சிறகாக வாந்தி எடுக்கும். அவ்வளவுதான். எங்கள் அம்மா பொரியோடு ஈசலை வறுத்துக் கொடுத்த காலம் எனக்கு நினைவிருக்கிறது, அதனால் நான் அவற்றைத் திட்டுவதில்லை.

தேரையைக் கவ்வி நுரை தள்ளுகிறது, என்ன செய்வது?

தேரையின் கண்ணுக்குப் பின்னால் இருக்கிற வீக்கத்திலிருந்து பால் மாதிரி ஒரு விஷம் வரும். நாயின் தலையைக் கீழே சாய்த்து, ஹோஸ் தண்ணீரை வாயின் பக்கவாட்டில் விட்டு, முன்பக்கமாக வடிகிற மாதிரி பத்து நிமிஷம் கழுவுங்கள். தொண்டைக்குள் தண்ணீர் போகக்கூடாது. நுரை நின்றுவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். தள்ளாடினால், வலிப்பு வந்தால் டாக்டர். ஒருமுறை பட்ட நாய் திரும்பவும் கவ்வாது என்பார்கள், எங்கள் சிப்பிப்பாறை நான்கு முறை கவ்வியிருக்கிறது.

உண்ணியை எப்படி ஒழிக்கிறீர்கள்?

ஒழிக்க முடியாது, குறைக்கலாம். நாய் மேல் தெரிகிறது கொஞ்சம்தான். ரத்தம் குடித்து உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, சுவர் விரிசலிலும் கட்டில் சந்திலும் போய் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கும். நீங்கள் நாயைக் குளிப்பாட்டிக்கொண்டே இருப்பீர்கள், சுவரிலிருந்து புதிது புதிதாக இறங்கிக்கொண்டே இருக்கும். அதனால் விரிசலைச் சிமெண்டு வைத்து அடைத்தோம், படுக்கிற இடத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம், சாக்கை வாரம் ஒருமுறை கொதிநீரில் போடுகிறோம். நாட்டுக்கோழிகள் நாய்க்குப் பக்கத்திலேயே நின்று காதில் இருக்கிறதைக் கொத்தித் தின்னும். விருந்தாளி அதற்கென்றே காதைக் காட்டிக்கொண்டு படுக்கும்.

மருந்து என்றால், எடைக்கு ஏற்ற மெல்லும் மாத்திரை இருக்கிறது, மாதம் ஒன்று கொடுக்கிறதும் உண்டு, மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுக்கிறதும் உண்டு. ஏழு நாய்க்கு வாங்கும்போது நெஞ்சு அடைக்கும். ஆனால் உண்ணிக் காய்ச்சல் வந்தால் ஆகிற செலவு அதைவிட அதிகம். சாப்பிடாமல் படுத்தே இருந்தாலோ, ஈறு வெளுத்திருந்தாலோ, மூக்கில் ரத்தம் வந்தாலோ அன்றைக்கே ரத்தப் பரிசோதனை செய்யுங்கள், சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்குக் கேட்கும். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்தை அளவு பார்க்காமல் நாய் மேல் ஊற்றுவது, சொறிக்கு வண்டியின் கழிவு ஆயில் பூசுவது, மண்ணெண்ணெய் துடைப்பது, இதெல்லாம் ஊரில் இன்னும் நடக்கிறது. நாய் நக்கித்தான் சாகும்.

தீபாவளி?

வெடி வெடிக்க 2018 முதல் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் இருக்கிறது. ஊருக்குள் அதை யார் பார்க்கிறார்கள். இரண்டு நாளுக்கு முன்பே பையன்கள் ஆரம்பித்துவிடுவார்கள். முதல் வருஷம் கன்னி ஒரு அணுகுண்டுச் சத்தத்துக்கு வேலியைத் தாண்டிப் போய், மறுநாள் மத்தியானம் எட்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு செங்கல் சூளையில் கிடைத்தது. அன்றைக்கிருந்து தீபாவளிக்கு முந்தின நாளே ஏழும் உள் அறைக்குள். ஜன்னலுக்குச் சாக்கு, பேன் முழு வேகம், டிவி சத்தம். மத்தியானமே வயிறு நிறையச் சாப்பாடு போட்டு வெளியே நடத்திக் கூட்டி வந்துவிட வேண்டும். கழுத்துப்பட்டையில் என் போன் நம்பர் எழுதியிருக்கும். பயந்த நாயைத் தடவிக் கொடுத்தால் பயம் பழகிவிடும் என்று சொல்கிறவர்களை நம்ப வேண்டாம், அது உங்கள் மடியில் தலை வைத்தால் வைத்துவிட்டுப் போகட்டும். நம் தூக்கமாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கிற வேலை மட்டும் கூடாது.

வேடிக்கை என்னவென்றால், இடிக்கு எதுவும் பயப்படாது.

காட்டுப்பன்றியை விரட்டுமா?

விரட்டும், சத்தத்தாலேயே. மக்காச்சோளம் பால் பிடிக்கிற நேரத்தில் பன்றி ஒரு ராத்திரி இறங்கினால் அரை ஏக்கர் போச்சு. வேலிக்குள்ளிருந்தபடி ஏழு நாய் சேர்ந்து குரைத்தால் பெரும்பாலும் வேறு தோட்டம் பார்த்துப் போய்விடும் (பக்கத்துத் தோட்டத்துக்காரர் அதற்கு என்னைத்தான் திட்டுகிறார்). ஆனால் ராத்திரி நாயைத் திறந்துவிட்டுப் பன்றி மேல் ஏவாதீர்கள். ஆண் பன்றியின் கோரைப்பல் நாயின் வயிற்றைக் கத்தி மாதிரி திறந்துவிடும்.

பன்றியைவிடப் பயம் அவுட்டுக்காய். பழத்துக்குள்ளோ மாவுக்குள்ளோ வெடிமருந்து வைத்து வரப்பில் போட்டுவிடுவார்கள், கடித்தால் வாயிலேயே வெடிக்கும். சட்டப்படி குற்றம்தான், ஆனாலும் வைக்கிறார்கள். பன்றிக்கு வைத்ததை நாய் கவ்வும், மாடு மெல்லும், யானைகூடச் செத்திருக்கிறது. கரண்டை நேராக வேலிக்கம்பியில் கொடுக்கிறதும் அப்படித்தான். அதனால் எங்கள் நாய்கள் கதிர் அறுக்கிற வரைக்கும் அடுத்தவர் காட்டுக்குள் போகாது, போகவிட மாட்டோம்.

சிப்பிப்பாறை வைத்துக்கொண்டு முயல் வேட்டைக்குப் போகவில்லையா?

இல்லை. 1972 வனவிலங்குச் சட்டத்தில் முயலும் வருகிறது, நாயை விட்டுப் பிடித்தாலும் வேட்டைதான். ஓடுகிற ஆசைக்கு அறுவடையான காட்டில் காலையில் அவிழ்த்துவிட்டால் போதும். ஒன்றும் இல்லாததைத் துரத்திக்கொண்டு பத்து நிமிஷம் வட்டம் போடும், அதைப் பார்ப்பதற்கே நான் சீக்கிரம் எழுகிறேன்.

என்ன சாப்பாடு போடுகிறீர்கள்?

கேழ்வரகுக் களி அல்லது சோறு, வேகவைத்த கோழிக்கால் தலை, பூசணி, கொஞ்சம் மோர். இரண்டு வேளை. வெந்த எலும்பை எடுத்துவிட வேண்டும், உடைந்தால் ஊசி மாதிரி குத்தும். வெங்காயமும் திராட்சையும் கூடாது.

சீசன் பிரச்சினை வேறு. புரட்டாசியில் ஊரே கவிச்சி சாப்பிடாது, கறிக்கடையில் ஆளே இருக்காது. கார்த்திகை பிறந்தால் வீட்டில் மாலை போடுவார்கள், ஒரு மண்டலம் வீட்டுக்குள் கவிச்சி வரக்கூடாது. நாய் மாலை போடவில்லையே என்று கேட்டேன். வீட்டம்மா சொன்ன தீர்ப்பு: மோட்டார் ரூம் பக்கம் தனி அடுப்பு, தனிச் சட்டி, சமைக்கிற ஆள் நான், சமைத்துவிட்டுக் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் வர வேண்டும். கார்த்திகை மாதம் கொட்டுகிற மழையில் ஒரு நாளைக்கு இரண்டு முறை குளித்துக்கொண்டிருக்கிற ஆளை யாராவது பார்த்தால் பெரிய பக்திமான் என்று நினைப்பார்கள்.

பெட்டை நாய் பருவத்துக்கு வந்தால்?

எல்லாவற்றுக்கும் கருத்தடை செய்தாகிவிட்டது. செய்யாத ஒரு வருஷம் பட்டதே போதும். தெருநாய்களுக்கு மழைக்காலம்தான் சீசன், "மார்கழி மாசத்து நாய்" என்று சும்மா சொல்லவில்லை. ஒரு பெட்டைக்காகப் பதினோரு ஆண் நாய் வேலிக்கு வெளியே நின்றன, உள்ளே எங்களுடையவை ஒன்றையொன்று கடித்துக்கொண்டன. சினைக்காலம் 63 நாள் வாக்கில். ஐப்பசியில் கவனிக்காமல் விட்டால் மார்கழிப் பனியில் ஆறு குட்டி கையில் இருக்கும், அதில் பாதி பார்வோ என்கிற வைரஸ் நோயில் ரத்தமாகக் கழிந்து சாகும்.

ஒன்றோடொன்று சண்டை போடாதா?

போடும். ஆனால் நீங்கள் கவலைப்பட வேண்டியது அதற்கு இல்லை, சேர்ந்து செய்வதற்கு. ஒரு நாய் உங்கள் பேச்சைக் கேட்கும். இரண்டு கேட்கும். மூன்றுக்கு மேல் போனால் அவை ஒன்றின் முகத்தை ஒன்று பார்த்து முடிவெடுக்க ஆரம்பித்துவிடும். போன கார்த்திகையில் ஒரு கிடை ஆடு எங்கள் வரப்போரம் போனது. தனியாக இருந்தால் கோழிக்குஞ்சைக்கூட மோந்து பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிற விருந்தாளிதான் முதலில் ஓடியது. அதைப் பார்த்து மற்றவை. நான் கத்தியது ஒன்றின் காதிலும் ஏறவில்லை. ஒரு குட்டி ஆடு போனது. கிடைக்காரர் பெரியவர், என்னைத் திட்டவில்லை, "நாயக் கூட்டமா விடாத தம்பி, ஒத்தையா விடு" என்று மட்டும் சொன்னார். ஆட்டுக்குப் பணம் கொடுத்தேன், இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. இப்போது இரண்டு இரண்டாகத்தான் வேலிக்கு வெளியே. சோறும் ஏழு தட்டு, ஏழு மூலை.

தடுப்பூசி?

வெறிநோய் ஊசி மூன்று மாதக் குட்டிக்கு ஒன்று, பிறகு வருஷா வருஷம். செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினம் என்பதால் அந்த வாரத்தில் பல இடங்களில் முகாம் நடக்கும், நான் ஏழையும் அப்போது முடித்துவிடுகிறேன். எலிக் காய்ச்சலுக்கான ஊசியும் மழைக்கு முன்பே போட்டுவிடுங்கள். எலி மூத்திரம் கலந்த தேங்கின தண்ணீரால் வருகிற நோய், நாயிடமிருந்து நமக்கும் வரும். நாய் கடித்தால், அது வீட்டு நாயே ஆனாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிஷம் கழுவிவிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதுவும் வைக்க வேண்டாம்.

திறந்த கிணறு இருக்கிறதே, விழாதா?

விழுந்திருக்கிறது, கீரியைத் துரத்தி. மழையில் கிணற்று விளிம்பு மண் இளகியிருக்கும். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வருவார்கள், வந்தார்கள். இப்போது சுற்றிலும் கம்பிவலை.

வெளியூர் போக வேண்டும் என்றால்?

ஐப்பசி கார்த்திகையில் கல்யாணம் வைக்கிற சொந்தக்காரர்கள் எங்களுக்கு நிறையப் பேர். வீட்டம்மா போவார்.

சரி, எப்போது வரலாம்?

தை பிறக்கட்டும், தரை காய்ந்திருக்கும், பழனிப் பாதயாத்திரைக் கூட்டத்துக்குக் குரைத்துக் குரைத்து ஏழுக்கும் தொண்டை கட்டியிருக்கும். வருகிற வழியில் போன் போடுங்கள். கேட்டுக்கு வெளியே பைக்கை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருங்கள், நான் வருகிற வரைக்கும் இறங்க வேண்டாம். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வராதீர்கள், கிழவர் லேப்ரடாருக்கு அடுப்படியிலிருந்து நேராக வந்து மேலே சாய்கிற பழக்கம் உண்டு.